ட்யூபிங்கனில் ஒரு வாடகை அறை: வடக்குச் சுவரும் 1,170 யூரோ அட்வான்சும்

தெற்கு ஜெர்மனியின் ட்யூபிங்கனில் ஒரு மாணவி ஒன்பது மாதம் வாடகைக்கு இருந்தாள். அவள் அறையின் வடக்குச் சுவரில் பூஞ்சை வந்தது. காலி செய்தபோது வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை. இப்படி மூன்று வரியில் முடிந்துவிடும் விஷயம்தான். ஆனால் அந்தப் பணத்தை மீட்க ஓடிய மாதங்களில் நானும் அவளும் கற்றுக்கொண்டது நிறைய. அதை அவள் அனுமதியோடு எழுதுகிறேன். அவள் எனக்குத் தங்கை மாதிரி. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் பெயரையும், தெருவையும், வீட்டுக்காரர் யார் என்பதையும் சொல்லப்போவதில்லை.

ஊரும் அறையும்

ட்யூபிங்கன் நெக்கார் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். சுமார் 90 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். 1477-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் மட்டும் ஏறக்குறைய 28 ஆயிரம் பேர். பெர்லினில் ஒரு பேட்டையில் அறை கிடைக்காவிட்டால் ஊரின் இன்னொரு கோடியில் தேடலாம். இங்கே அப்படி ஒரு கோடியே கிடையாது. பள்ளத்தாக்கும் குன்றுகளும் சேர்ந்து ஊரை நெருக்கிப் பிடித்திருக்கின்றன. அதைத் தாண்டினால் ராய்ட்லிங்கன், ரோட்டன்பர்க் என்று அடுத்த ஊர் வந்துவிடும். வடக்குக் குன்றின்மேல் வால்ட்ஹொய்ஸர் ஓஸ்டில் மாணவர் குடியிருப்பு இருக்கிறது, ஆனால் காத்திருப்போர் வரிசையும் இருக்கிறது. அக்டோபரில் குளிர்காலப் பருவம் தொடங்கும்போது வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் ஒரே அறைகளின் கதவைத் தட்டுகிறார்கள்.

அவள் 2023 செப்டம்பரில் வந்தாள். விசாவுக்காக, படிப்புக் காலச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட ஒரு வங்கிக் கணக்கில் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். இதை முடக்கக் கணக்கு என்பார்கள். அந்த ஆண்டு அந்தத் தொகை 11,208 யூரோ. அதிலிருந்து மாதம் 934 யூரோதான் எடுக்க முடியும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம் வேறு வாங்குகிறது. மாணவர் மருத்துவக் காப்பீட்டுக்கு அப்போது மாதம் 120 யூரோவைச் சுற்றிப் போனது.

அவளுக்குக் கிடைத்தது 14 சதுர மீட்டர் அறை. மூன்று மாணவிகள் ஒரே சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொள்ளும் தரைத்தளப் பகுதி. இதை இங்கே வேகே என்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒப்பந்தம். வெறும் இடத்துக்கான வாடகை 390 யூரோ. ஜெர்மனில் இது கால்ட்மீட்டே, அதாவது குளிர் வாடகை. ஹீட்டர், தண்ணீர், குப்பை போன்றவற்றுக்கு மாத முன்பணம் 90. இரண்டும் சேர்த்து 480. அட்வான்ஸ் மூன்று மாதக் குளிர் வாடகை, 1,170 யூரோ. சட்டப்படி அதுதான் உச்சவரம்பு, அதைத் தாண்டிக் கேட்க முடியாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட வாடகைதாரருக்கு உரிமை உண்டு. அவளுக்கு அது தெரியாது. முழுத் தொகையையும் சாவி வாங்கும் முன்பே அனுப்பிவிட்டாள். முடக்கக் கணக்கிலிருந்து அவ்வளவு வராது என்பதால், ஊரிலிருந்து அப்பா கடன் வாங்கி அனுப்பிய பணம் அது.

சாவி வாங்கிய நாள்

இந்த விவகாரத்தில் நடந்த மிகப் பெரிய தவறு இந்த நாளில்தான் நடந்தது என்று இப்போதும் நம்புகிறேன். பூஞ்சை வந்ததெல்லாம் அதற்கு அப்புறம்.

ஜெர்மனியில் வீட்டைக் கைமாற்றும்போது ஒப்படைப்புப் பதிவு என்று ஒரு தாள் எழுதுவார்கள். எந்தச் சுவரில் என்ன கறை, எந்த ஜன்னல் சரியாக மூடவில்லை, மீட்டரில் என்ன எண் என்றெல்லாம் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடும். மாடியில் வசிக்கும் வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டிய பெரியவர். தோட்டத்து ஆப்பிள் ஒரு பையும் சாவியும் ஒன்றாகக் கொடுத்தார். பதிவுத் தாளில் 'சுவர்கள்: குறையில்லை' என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். வடக்கு மூலையில் தரையை ஒட்டி ஒரு கை அகலத்துக்கு மட்டும் வெள்ளை கொஞ்சம் பளிச்சென்று இருந்ததை அவள் பார்த்தாள். அதன் அடியில் லேசான மஞ்சள் நிழலும் தெரிந்தது.

"பார்த்தேன் அக்கா. ஆனா ஆப்பிள் கொடுத்துட்டு நிக்கிறவர்கிட்ட, உங்க சுவத்துல கறை இருக்குன்னு எப்படிச் சொல்றது?"

இதில் அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். முகவரிப் பதிவு இல்லாமல் வசிப்பு அனுமதி நகராது. அந்த ஒரு கையெழுத்துக்காக நிற்கிற பெண், இன்னொரு தாளில் குறை எழுதச் சொல்லிக் கேட்பாளா? கேட்டால் அறை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தாள். சின்ன ஊர் என்பதால் பயம் இரட்டிப்பு. ஒரு வீட்டுக்காரரிடம் கெட்ட பெயர் எடுத்தால் அடுத்தவர் காதுக்கும் போய்விடும் என்று நினைத்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, காலி அறையை நான்கைந்து படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு அனுப்பினாள். கட்டில் எங்கே போடலாம் என்று கேட்க எடுத்த படங்கள். அவற்றில் ஒன்றில் அந்த மூலை இருந்தது.

நவம்பர் முதல் ஜனவரி வரை

நவம்பர் கடைசியில் துணி அலமாரியின் பின்னால் கறுப்புப் புள்ளிகள் வந்தன. கடையில் பூஞ்சை நீக்கும் திரவம் வாங்கித் துடைத்தாள். மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. மறுபடி துடைத்தாள். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. தன் சமையல்தான் காரணம் என்று நினைத்துவிட்டாள். கூட இருந்த பெண்களில் ஒருத்தி, "நீ நிறைய ஆவி வர்ற மாதிரி சமைக்கிற" என்று சாதாரணமாகச் சொன்னது அவள் மனதில் முள்ளாக இருந்தது. இட்லிப் பானையை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். இரண்டு மாதம் ரொட்டி சாப்பிட்டதாகப் பின்னால் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஜனவரி நடுவில் அலமாரியை நகர்த்திப் பார்த்தால் முழங்கால் உயரத்துக்குச் சுவர் கறுத்திருந்தது. ஒரு கம்பளிச் சட்டையும் பெட்டியின் அடிப்பாகமும் பூத்திருந்தன. அன்றுதான் எனக்குப் போன் செய்தாள்.

சட்டத்தில் இங்கே ஒரு முக்கியமான விதி இருக்கிறது. குறையைக் கண்டவுடன் வீட்டுக்காரருக்குத் தெரிவிப்பது வாடகைதாரரின் கடமை. தெரிவிக்காமல் விட்ட காலத்துக்கு வாடகைக் குறைப்புக் கேட்க முடியாது. தாமதத்தால் சேதம் பெருகினால் அந்தப் பெருக்கத்துக்கு வாடகைதாரரே பொறுப்பு. நவம்பர் முதல் ஜனவரி வரையான ஏழு வார மௌனம் அவள் கணக்கில்தான் ஏறியது.

அவள் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினாள். "அடிக்கடி ஜன்னலைத் திறக்கவும்" என்று ஒரு வரி பதில் வந்தது. கோபத்தில் அடுத்த மாத வாடகையில் பாதியைப் பிடித்துக்கொள்ளலாம் என்றாள். வேண்டாம் என்று தடுத்தேன். குறை இருந்தால் வாடகை தானாகவே குறையும் என்பது உண்மைதான், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் எவ்வளவு குறைக்கலாம் என்பதை நாமே தப்பாகக் கணக்குப் போட்டு, பாக்கி சேர்ந்து, அடுத்தடுத்த இரண்டு தவணைகளில் ஒரு மாத வாடகைக்கு மேல் நிலுவை நின்றுவிட்டால், உடனடியாகக் காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரருக்கு வழி பிறக்கும். அதனால் முழு வாடகையையும் கட்டிக்கொண்டே, உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுப்பதுதான் பாதுகாப்பு. அப்படி ஒரு கடிதம் எழுதி, படங்களோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

சுவர் ஏன் கறுத்தது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குளிர் நாட்டில் வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள் பலர் இதைப் புரிந்துகொள்ளாமலேயே பழியை ஏற்றுக்கொள்கிறார்கள்.

காற்று எவ்வளவு சூடோ, அவ்வளவு நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் வரை தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம்தான். பூஜ்ஜியத்தில் 5 கிராமுக்கும் குறைவு. அறை நடுவில் 20 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் இருந்தால் அது நல்ல, சாதாரண அறைதான். அதே காற்று குளிர்ந்த சுவரைத் தொடும்போது ஈரப்பதம் ஏறுகிறது. சுவரின் மேற்பரப்பு 12.6 டிகிரிக்கு இறங்கினால், அந்த மெல்லிய காற்றுப் படலத்தில் ஈரப்பதம் 80 சதவீதம் ஆகிவிடும். பூஞ்சை முளைக்க அது போதும், சுவரில் தண்ணீர் வழிய வேண்டிய அவசியமே இல்லை. ஜெர்மன் கட்டடத் தரங்கள் இந்த 12.6 டிகிரியைத்தான் எல்லைக்கோடாக வைத்திருக்கின்றன.

ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கினோம். சுவரின் வெப்பநிலை பார்க்கும் அகச்சிவப்புக் கருவியை அவளுடைய துறை நண்பர் இரவல் கொடுத்தார். இரண்டு வாரம் காலை, மாலை எழுதி வைத்தாள். வெளியே மைனஸ் 3 இருந்த ஒரு காலையில் வடக்கு மூலையின் சுவர் 10 டிகிரி காட்டியது. அறையில் 19 டிகிரி, 50 சதவீதம். அப்படியென்றால் மூலையில் ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி நின்றிருக்கும். அதாவது, அவள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த நாளிலும் அந்த மூலை பூஞ்சைக்குத் தோதாகவே இருந்தது.

வீடு 1960-களில் கட்டியது. வெளிச்சுவருக்கு வெப்பக் காப்பு கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன் பழைய மரச் ஜன்னல்களை எடுத்துவிட்டு இறுக்கமாக மூடும் புது ஜன்னல்கள் வைத்திருக்கிறார்கள். பழைய ஜன்னல்கள் இடுக்கு வழியே காற்றை விட்டன. வீடு குளிர்ந்தாலும் ஈரம் வெளியேறியது. அவற்றின் கண்ணாடிதான் அறையிலேயே மிகக் குளிர்ந்த இடம், ஆவி அங்கே படிந்து வழிந்துவிடும். ஜன்னல் மட்டும் மாறிச் சுவர் மாறாதபோது, மிகக் குளிர்ந்த இடம் என்ற பட்டம் சுவர் மூலைக்கு வந்து சேர்கிறது. அதன்மேல் அலமாரியை ஒட்டிவைத்தால் ஹீட்டர் சூடும் அந்தப் பக்கம் போகாது.

அவள் பக்கமும் தவறு இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. துணியை அறைக்குள்ளேயே காயவைத்தாள். தூங்கும் ஒருவரின் மூச்சிலும் வியர்வையிலும் மட்டும் ஓர் இரவில் கால் லிட்டர் நீர் காற்றில் சேர்கிறது. துணியும் சேர்ந்தால் காலையில் மீட்டர் 70-ஐத் தொட்டது. செலவு மிச்சமாகட்டும் என்று பகலில் ஹீட்டரை அணைத்துவிடுவாள். ஜன்னலை நாள் முழுக்கச் சாய்த்துத் திறந்து வைப்பாள். அது சரியான முறை இல்லை. ஈரம் மெதுவாகவே போகும், சுவரோ விறுவிறுவென்று குளிர்ந்துவிடும். ஜன்னலை விரியத் திறந்து பத்து நிமிடம் காற்று ஓடவிட்டு மூடிவிட வேண்டும். அப்படிச் செய்யத் தொடங்கியதும் காலையில் 70 காட்டிய மீட்டர் பத்து நிமிடத்தில் 45-க்கு இறங்கியது. இட்லிப் பானைக்கும் அந்த மூலைக்கும் பெரிய தொடர்பே இல்லை. சமையலறைக் கதவை மூடி, ஜன்னலைத் திறந்தால் போதும். அதை எண்களோடு அவளுக்குக் காட்டியபோது அவள் முகத்தில் வந்த நிம்மதிதான், என்னைப் பொறுத்தவரை, இந்த விவகாரத்தில் கிடைத்த முதல் வெற்றி.

நாங்கள் தப்பாக நினைத்தது

இவ்வளவு அளவுகள் கையில் இருக்கும்போது வாடகைக் குறைப்புக் கண்டிப்பாகக் கிடைக்கும் என்று நம்பினோம். வாடகைதாரர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்து ஆலோசகரிடம் போனபோது அந்த நம்பிக்கை ஐந்து நிமிடத்தில் போனது. 2018 டிசம்பர் 5-ஆம் தேதி ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் இதே விஷயத்தில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பழைய வீட்டின் சுவர் குளிர்ந்து பூஞ்சை வரும் அபாயம் இருப்பது மட்டுமே குறை ஆகாது, கட்டிய காலத்தின் தரத்துக்கு வீடு பொருந்தியிருந்தால் போதும் என்பது தீர்ப்பின் சாரம். அந்த வழக்குகளின் வீடுகள் 1968, 1971-ஐச் சேர்ந்தவை. நாளுக்கு இரண்டு முறை கால் மணி நேரமோ, மூன்று முறை பத்து நிமிடமோ காற்றோட்டம் செய்யச் சொல்வது அதிகப்படியானது அல்ல என்றும் அந்த நீதிமன்றம் கருதியது.

எங்கள் அளவுகள் சுவர் குளிர்ந்தது என்பதைத்தான் காட்டின. சட்டத்தின் கண்ணில் அது குறை என்று அவை காட்டவில்லை. ஜன்னலை மாற்றிய வீட்டுக்காரர், இனி காற்றோட்டம் எப்படிச் செய்ய வேண்டும் என்று வாடகைதாரருக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று சில கீழ் நீதிமன்றங்கள் சொன்னது உண்டு. அது ஒரு பிடிதான். ஆனால் மாதம் நாற்பது, ஐம்பது யூரோ குறைப்புக்காக ஒரு மாணவி நீதிமன்றம் ஏறுவதா? ஆலோசகர் எங்களை வேறு கேள்விக்குத் திருப்பினார். வீட்டுக்காரர் உங்களிடம் கேட்கப்போகும் பணத்தைப் பற்றி யோசியுங்கள் என்றார். அன்றிலிருந்து குறைப்புக் கேட்பதை விட்டோம். சேதத்தை அவள் தலையில் கட்டவிடாமல் பார்ப்பது மட்டுமே வேலை என்று முடிவு செய்தோம். அந்த முடிவு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

காலி செய்தது

2024 ஏப்ரல் 2-ஆம் தேதி, காலி செய்வதாக மின்னஞ்சல் அனுப்பினாள். மறுநாள் இரவு பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னாள். எனக்குப் பகீரென்றது. மின்னஞ்சலில் கொடுக்கும் நோட்டீஸ் செல்லாது, பேனாவால் கையெழுத்திட்ட தாள் வேண்டும். அதுவும் மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மாதமும் அடுத்த இரண்டு மாதமும் கணக்காகி ஒப்பந்தம் முடியும். தவறினால் இன்னொரு மாதம், இன்னொரு 480 யூரோ. நல்ல வேளை, ஏப்ரல் 1 ஈஸ்டர் திங்கள் விடுமுறை. மூன்றாவது வேலை நாள் 4-ஆம் தேதி வியாழன். காலையிலேயே தாளை அச்சிட்டு, அவள் வீட்டுக்காரரின் தபால் பெட்டியில் போட, நான் சாட்சியாக நின்றேன்.

ஜூன் 28 வெள்ளியன்று ஒப்படைப்பு. பெரியவர் வரவில்லை, அவர் மகன் வந்தார். ஒன்பது மாதமும் தன் முறை வந்த வாரங்களில் படிக்கட்டைக் கூட்டித் துடைத்தவள் அவள். ட்யூபிங்கன் இருக்கும் ஸ்வாபியப் பகுதியில் இதைக் கேர்வோகே என்பார்கள். முறை தவறினால் அக்கம்பக்கம் முகம் சுளிக்கும். பெரியவர் அதற்காக அவளைப் பலமுறை பாராட்டியிருக்கிறார். அவர் வந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்குமோ என்று அவளுக்கு இன்னும் ஆதங்கம்.

மகன் நீட்டிய தாளில் 'பூஞ்சைச் சேதத்துக்கு வாடகைதாரர் பொறுப்பேற்கிறார்' என்று ஒரு வரி இருந்தது. அவள் கை நடுங்கியது. ஆனால் கையெழுத்துப் போடவில்லை. "இந்த வரியை எடுத்தால் போடுகிறேன்" என்று ஜெர்மனில் சொன்னாள். முந்தின நாள் இருபது தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம். அவர் எடுக்க மறுத்தார். தாள் கையெழுத்தில்லாமலேயே போனது. ஒப்படைப்புப் பதிவில் கையெழுத்திட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அறையை நாங்களே மூலைமுடுக்கு விடாமல் படம் எடுத்துக்கொண்டோம்.

பணம்

அக்டோபரில் கடிதம் வந்தது. பெயின்டர் மதிப்பீட்டின்படி 860 யூரோ சேதம், அதை அட்வான்ஸில் கழிப்போம் என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் கையில் இருந்த ஆயுதம் அவள் முதல் நாள் கையெழுத்திட்ட அந்தத் தாள்தான்: 'சுவர்கள்: குறையில்லை'.

முன்னால் வந்த மாணவர்கள் அவளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஆறு மாதம் பேசாமல் இரு, சேதத்துக்குப் பணம் கேட்கும் வீட்டுக்காரரின் உரிமை காலாவதியாகிவிடும், அப்புறம் முழுப் பணமும் கேள் என்றார்கள். வீடு திரும்பக் கிடைத்ததிலிருந்து ஆறு மாதத்தில் அந்த உரிமை காலாவதியாகும் என்பது சரிதான். ஆனால் 2024 ஜூலை 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், காலாவதியான பிறகும் அந்தத் தொகையை அட்வான்ஸில் ஈடுகட்டலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவள் காலி செய்து பன்னிரண்டு நாள் கழித்து வந்த தீர்ப்பு. அந்த யோசனைப்படி உட்கார்ந்திருந்தால் ஆறு மாதமும் வீணாகியிருக்கும்.

அம்மாவுக்கு அனுப்பிய படம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மாவின் போனில் அது 2023 செப்டம்பர் தேதியோடு அப்படியே இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் புது வெள்ளைக்கு அடியில் அந்த மஞ்சள் நிழல். கூட இருந்த பெண்களில் மூத்தவளிடம் கேட்டோம். இவளுக்கு முன் அந்த அறையில் இருந்தவருக்கும் அதே மூலையில் வந்தது, அவர் போன பிறகு அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்தார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சமையலைப் பற்றிச் சொன்ன அதே பெண்தான்.

ஒப்பந்தத்தில், காலி செய்யும்போது வாடகைதாரர் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. புதுப்பிக்காமல் கொடுத்த வீட்டில், அதற்கு ஈடு எதுவும் தராதபோது அந்த விதி செல்லாது என்று 2015 மார்ச்சிலேயே தீர்ப்பு இருக்கிறது. மற்ற மூன்று சுவரும் பழசு என்பதற்கும் அம்மாவின் படங்களே சாட்சி.

வாடகைதாரர் சங்கம் எழுதிய கடிதத்தோடு இவற்றை இணைத்து நவம்பரில் அனுப்பினோம். இரண்டு முறை கடிதம் போய் வந்தது. 2025 ஜனவரியில் சமாதானம் ஆனது. 900 யூரோ உடனே கணக்கில் வந்தது. ஹீட்டர், தண்ணீர்க் கணக்கு முடியும் வரை 120 யூரோ நிறுத்தி வைத்தார்கள். மீதி 150 யூரோவை அவள் விட்டுக்கொடுத்தாள். அந்த 150 அவளுக்கு வலித்தது. எனக்கு அது நியாயம் என்று பட்டது. ஏழு வாரம் சொல்லாமல் துடைத்துக்கொண்டிருந்தபோது சுவரில் ஏறிய கறுப்புக்கு அவள் பங்கு அது. வீட்டுக்காரர் தரப்பும் 710 யூரோவைக் கைவிட்டது.

2024-க்கான அந்த ஹீட்டர், தண்ணீர்க் கணக்கை வீட்டுக்காரர் 2025 டிசம்பர் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். தாண்டினால் கூடுதல் தொகை கேட்க முடியாது. செப்டம்பரிலேயே கொடுத்துவிட்டார்கள். அவள் பாக்கி 37 யூரோ. 83 யூரோ திரும்ப வந்தது.

அந்த அறைக்கு அப்புறம் வேறு நாட்டிலிருந்து வந்த ஒரு முதலாண்டு மாணவி குடிவந்தாள். சாவி கைமாறும் நேரத்தில் மூத்த பெண் கூடவே நின்று, வடக்கு மூலையைக் காட்டி, அதைப் பதிவில் எழுதச் சொல்லியிருக்கிறாள். பெரியவர் மறுப்புச் சொல்லாமல் எழுதினாராம். அலமாரி இப்போது உள்சுவர்ப் பக்கம் இருக்கிறது.